பறக்கும் அண்ணா

பறக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. முகமூடி போட்டு, முதுகில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு, ஆபத்தில் மாட்டியவர்களைத் தூக்கிவர ஆகாயத்தில் பாய்கிறவர்களைத்தான் சொல்கிறேன். பாதை திறந்த பிறகுதான் அவர்கள் வன்னிக்கு வந்தார்கள். அதற்கு முன் எங்களுக்குச் சவர்க்காரம் வருவதே பெரிய பாடு. போர்நிறுத்தம் வந்து, கண்டி வீதியில் பஸ் ஓடத் தொடங்கி, வவுனியாவிலிருந்து புத்தகப் பை, தண்ணீர்ப் போத்தல், சீடி என்று சாமான் ஏறியதும், அவற்றின் மேல் ஒட்டிக்கொண்டு அவர்களும் வந்து இறங்கினார்கள்.

அப்போது நான் கிளிநொச்சிப் பக்கம் ஒரு முன்பள்ளியில் ரீச்சராக இருந்தேன். ஊரில் மின்சாரம் இல்லை. யாராவது ஒரு வீட்டில் ஜெனரேற்றர் போட்டுப் படம் காட்டுவார்கள். அடுத்த நாள் என் வகுப்பில் உள்ள அத்தனை பிள்ளைகளின் கழுத்திலும் துவாய் தொங்கும். மூக்குத் துடைக்கத் தாய்மார் கொடுத்துவிட்ட துவாய்கள் அவை. வாங்கில் ஏறிக் குதிப்பார்கள், வேலியில் ஏறிக் குதிப்பார்கள். குளக்கட்டிலிருந்து குதித்த ஒருத்தன் கால் பிரண்டு, ஒரு கிழமை பள்ளிக்கு வரவில்லை. நான் துவாய்களைப் பறித்து மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். பிள்ளைகள் என்னைக் கெட்டவர்களின் கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள்.

பிறகு நான் நாடகக் குழுவுக்குப் போனேன். சண்டை நடந்த ஊர்களுக்குச் சனம் திரும்பி வந்துகொண்டிருந்த காலம் அது. வளவுக்குள்ளும் வயலுக்குள்ளும் மிதிவெடி கிடந்தது. எங்கே கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஊர் ஊராகப் போய், மரத்தடியில் சனத்தைக் கூட்டி, நாடகம் போட்டு, வெடி அபாயம் என்று நட்ட சிவப்புப் பலகையைத் தாண்டிப் போகாதீர்கள் என்று சொல்வதுதான் எங்கள் வேலை. எனக்கு எப்போதும் தாய் வேஷம். கலியாணம் ஆகாமலே எல்லா ஊரிலும் பிள்ளையைத் தேடி அழுதேன். மேளம் அடிக்க ஒருவர், வாகனம் ஓட்ட ஒருவர், பிள்ளை வேஷத்துக்கு ஒரு மெலிந்த பெண். அவர்களோடு தம்பி.

தம்பி என் கூடப்பிறந்தவன் அல்ல. என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவு, அதனால் அப்படிக் கூப்பிட்டேன். அவன் என்னை அக்கா என்றான். அவனுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. மிதிவெடி. பொய்க்கால் போட்டிருந்தான். நாடகம் முடிந்ததும் அவன் முன்னுக்கு வந்து, கதிரையில் இருந்து, காற்சட்டையைச் சுருட்டிக் காலைக் காட்ட வேண்டும். எங்கள் குழுவின் இணைப்பாளர் அதற்கு "அனுபவப் பகிர்வு" என்று பெயர் வைத்திருந்தார். ஆனால் அவன் எதையும் பகிர மாட்டான். "விறகுக்குப் போனனான். மிதிச்சிட்டன்" என்று இரண்டு வசனம் சொல்லிவிட்டு எழும்பிவிடுவான். பெண்கள் "ஐயோ பாவம்" என்பார்கள். அந்தப் பாவம் என்ற சொல்லைக் கேட்டவுடன் அவன் முகம் ஒரு மாதிரிப் போகும். ஒரு வருஷத்துக்கும் மேலாக, போன இடமெல்லாம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

இணைப்பாளர் கொழும்பிலிருந்து வந்தவர். நல்ல மனுஷன், ஆனால் எங்கிருந்தோ வாசித்துவிட்டு வந்து எங்களில் பரீட்சித்துப் பார்க்கிறவர். ஒருநாள் எங்களை ஒரு மரத்தடியில் கூப்பிட்டு இருத்தி, "பிள்ளைகளுக்கு இப்ப சூப்பர் ஹீரோதான் பிடிக்குது. எங்கட நாடகத்துக்கும் ஒரு சூப்பர் ஹீரோ வேணும்" என்றார். எனக்கு அப்போதே உச்சி சுட்டது.

சூப்பர் ஹீரோ என்றால் என்னென்ன வேண்டும் என்று வெள்ளைப் பலகையில் எழுதினார். சக்தி வேண்டும். உடுப்பு வேண்டும். முகத்தை மறைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு தொடக்கம் வேண்டும். சக்தி எப்படி வந்தது என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்களாம். ஏதாவது கடித்து வரலாம், ஏதாவது மருந்து குடித்து வரலாம் என்றார்.

"கடிச்சுச் சக்தி வாறதெண்டால் துணுக்காயில அரைவாசிச் சனம் இப்ப பறக்கவேணும், சேர்" என்றார் மேளக்காரர். "பாம்பு, நுளம்பு, அட்டை, ஒண்டும் மிச்சம் விடேல்லை."

எல்லோரும் சிரித்தோம். இணைப்பாளரும் சிரித்தார். பிறகு, "பெரும்பாலும் அவருக்கு ஒரு இழப்பு இருக்கும்" என்றார். "தாயை இழந்திருப்பார், தகப்பனை இழந்திருப்பார். அந்தத் துக்கத்திலயிருந்துதான் சக்தி பிறக்கும்." அதற்கு மேளக்காரரும் பகிடி விடவில்லை. அந்த மரத்தடியில் இருந்த ஒவ்வொருவரிடமும் ஓர் இழப்பு இருந்தது. மேளக்காரரிடம் இரண்டு. ஒருவருக்கும் சக்தி என்று எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. காலையில் எழும்பி வேலைக்கு வருவதைச் சக்தி என்று சொன்னால் சொல்லலாம்.

பெயர் வைப்பதிலும் சிக்கல். அவர் வீரன் என்று தொடங்கும் ஒரு பெயரைச் சொன்னார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். வீரன் என்பது எங்கள் பக்கத்தில் சும்மா கிடக்கிற சொல் இல்லை. அதற்குப் படம் இருந்தது, மாலை இருந்தது, படத்துக்குக் கீழே நின்று அழுகிற தாய் இருந்தாள். அந்தச் சொல்லை எடுத்து மினுங்கல் துணி உடுத்த ஒருவருக்குப் போட முடியாது. இதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருக்க, அதுவரை வாய் திறக்காத தம்பி, "பறக்கும் அண்ணா எண்டு வைப்பம்" என்றான்.

பிறகு, "நான் போடுறன் அந்த வேஷம்" என்றான்.

எல்லோர் கண்ணும் அவன் காலுக்குப் போனது. "காற்சட்டையை நீளமாத் தைச்சால் ஒண்டும் தெரியாது" என்றான்.

உடுப்புத் தைக்க நானும் அவனும் வவுனியாவுக்குப் போனோம். கடைத்தெருவில் ஒரு முஸ்லிம் தையல்காரர். முல்லைத்தீவில் கடை வைத்திருந்து, இடம்பெயர்ந்து வந்து, திரும்பிப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர். நான் கொண்டுபோன படத்தை மூக்குக் கண்ணாடியைத் தூக்கி, தாழ்த்தி, இரண்டு விதமாகவும் பார்த்தார்.

"என்ன தங்கச்சி இது, உள்ளுக்குப் போடுறத வெளிய போட்டிருக்கிறார்?"

"அது அப்பிடித்தான் நானா. அது தேவையில்லை. மிச்சத்தைத் தையுங்கோ."

"எனக்கும் அதுதான் நல்லதாப் படுது" என்றார். நீலத் துணியில் இறுக்கமான காற்சட்டை, முழுக்கைச் சேட்டு, முதுகுக்கு ஒரு சிவப்புச் சற்றின் துணி. தம்பியின் காலை அளக்கும்போது அவர் கை பொய்க்காலில் பட்டு ஒரு கணம் நின்றது. ஒன்றும் கேட்காமல் அந்தப் பக்கத் துணியை மட்டும் இன்னொரு மடிப்பு வைத்துத் தைத்துத் தந்தார். வரும் வழியில் சோதனைச் சாவடியில் ஓர் ஆமிக்காரன் பையைத் திறந்து, முகமூடியை எடுத்து விரித்து, எங்களைப் பார்த்து, மறுபடியும் முகமூடியைப் பார்த்தான். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அதை விளங்கப்படுத்த முடியவில்லை. தம்பி அதை வாங்கித் தன் முகத்தில் போட்டு, ஒரு கையைத் தூக்கிக் காட்டினான். ஆமிக்காரன் சிரித்துவிட்டுப் போகச் சொன்னான். அந்தப் பாதையில் ஓர் ஆமிக்காரன் அப்படிச் சிரித்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நாடகம் இதுதான். பிள்ளை பந்தை எடுக்கச் சிவப்புப் பலகையைத் தாண்டிப் போகும். தாயாகிய நான் தலையில் அடித்து அழுவேன். மேளம் கிடுகிடுவென்று ஏறும். பறக்கும் அண்ணா வருவார். மேளக்காரரும் சாரதியும் கறுப்புச் சேட்டுப் போட்டுக்கொண்டு அவனைக் குப்புறத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பிள்ளை இரண்டு கையையும் மேலே நீட்ட, அவன் அதை அள்ளிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து இறக்குவான். பிறகு மிதிவெடி பற்றி நீளமாக ஒரு பேச்சு.

சனம் பைத்தியமாகிவிட்டது. கனகராயன்குளத்தில் இரண்டாம் தரமும் போடச் சொல்லிக் கேட்டார்கள். பிள்ளைகள் அவனுடைய சிவப்புத் துணியைத் தொட்டுப் பார்க்க வரிசையில் நின்றார்கள். பெண்கள் "ஆர் உந்தப் பெடியன், நல்ல வடிவாயிருக்கிறான்" என்றார்கள். ஒரு வாயிலிருந்தும் பாவம் என்ற சொல் வரவில்லை. அந்த உடுப்பில் அவன் நொண்டுவதே குறைந்துபோனது. நான் பொய் சொல்லவில்லை, மேளக்காரரும் கவனித்தார். அனுபவப் பகிர்வை இணைப்பாளரே நிறுத்திவிட்டார். முகமூடி போட்டவர் யார் என்று தெரியக்கூடாதாம்.

எல்லோரும் சந்தோஷப்பட, நான் மட்டும் கறுவிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பேச்சை ஒரு பிள்ளையும் கேட்பதில்லை. தூக்கிக்கொண்டு பறந்ததோடு நாடகம் அவர்களுக்கு முடிந்துவிடும். ஒருநாள் நாடகம் முடிய, பிள்ளைகளைச் சுற்றி இருத்திக் கேட்டேன். "சிவப்புப் பலகையைத் தாண்டிப் போனால் என்ன நடக்கும்?"

"பறக்கும் அண்ணா வருவார்!" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

இணைப்பாளரிடம் போனேன். நாங்கள் பிள்ளைகளுக்குப் பயத்தைச் சொல்லப் போய், பயத்தை எடுத்துவிட்டு வருகிறோம் என்றேன். மாற்றங்களை அடுத்த கட்டத்தில் யோசிப்போம் என்றார். அவருடைய அடுத்த கட்டம் எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். அதனால் தம்பியிடமே போனேன். அவன் வாகனத்துக்குப் பக்கத்தில் இருந்து, முகமூடியைத் தோய்த்துக் காயப் போட்டுக்கொண்டிருந்தான்.

"பறக்கிற ஆளுக்கு மிதிவெடி என்ன செய்யும்? அவருக்குக் கால் நிலத்தில படாது. நிலத்தில நடக்கிற பிள்ளையளுக்கு அவர் என்னத்தைச் சொல்லிக் குடுக்கப் போறார்? ஒருத்தரும் உள்ளுக்குப் போகக்கூடாது எண்டுதானே சொல்ல வந்தனாங்கள்? காப்பாத்தப் போற ஆளும் போகக்கூடாது. நீயே உள்ளுக்குப் போனால் எப்பிடி?"

தம்பி கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்கு ஒருநாள்தான். "நான் உள்ளுக்குப் போகேல்லை, அக்கா. மேலால போறன்" என்றான். "நாடகத்திலயாவது ஒருத்தன் கால் நிலத்தில படாம வரட்டும். அதைக் கூட விடமாட்டியளோ?"

அவனுக்கு அந்த உடுப்பை விட மனமில்லை என்றுதான் நான் நினைத்தேன். காலை மறைத்துக்கொள்ள ஓர் இடம் கிடைத்திருக்கிறது, அதை யார்தான் விடுவார்கள் என்று நினைத்து, வாயை மூடிக்கொண்டு போய்விட்டேன்.

அதற்குப் பிறகு துணுக்காய்க்கு அங்கால் ஓர் ஊருக்குப் போனோம். சனம் புதிதாகத் திரும்பி வந்திருந்தது. வீடுகளுக்குச் சுவர் நின்றது, கூரை இல்லை. அதற்குப் பக்கத்தில் தறப்பாள் கொட்டில் போட்டு இருந்தார்கள். காலையில் பள்ளிக்கூட வளவில் நாடகம் போட்டோம். வழக்கம்போல் ஆரவாரம். மத்தியானம் ஒரு வீட்டில் சோறு தந்தார்கள். தம்பி உடுப்பை மாற்றவில்லை. பிள்ளைகள் மாற்ற விடவில்லை என்பதுதான் சரி. கை கழுவிக்கொண்டு நிற்கையில் இரண்டு மூன்று பிள்ளைகள் மூச்சிரைக்க ஓடி வந்து அவன் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

"அண்ணா, கெதியா வாங்கோ. அவள் பலகைக்கு அங்கால போயிட்டாள்."

ஓடினோம். பழைய பாதுகாப்பு அரணுக்குப் பக்கத்தில் புல் வளர்ந்த ஒரு வெளி. மஞ்சள் நாடா கட்டி, மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் நட்டிருந்தார்கள். நாடாவுக்கு அங்கால், ஒரு பஸ்ஸின் நீளத்துக்கும் கூடத் தள்ளி, ஒரு சின்னப் பெண் நின்றாள். ஆறோ ஏழோ வயதிருக்கும். அவளுடைய ஆட்டுக்குட்டி இன்னும் தள்ளிப் போய் மேய்ந்துகொண்டு நின்றது.

தம்பியைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. இரண்டு கையையும் மேலே நீட்டினாள். காலையில் எங்கள் நாடகத்துப் பிள்ளை நீட்டிய மாதிரியே நீட்டினாள்.

"அண்ணா, பறந்து வாங்கோ" என்றாள்.

சாரதி வாகனத்தை எடுத்துக்கொண்டு வெடி அகற்றுகிறவர்களின் முகாமுக்குப் பறந்தார். தம்பி நாடா வரைக்கும் போய் நின்றான்.

"அப்பிடியே நில்லு, பிள்ளை. காலை எடுக்காதை. நான் வரமாட்டன்."

"ஏன்?"

"எனக்குப் பறக்கத் தெரியாது. அது அந்த ரெண்டு மாமாமாரும் தூக்கினவை. நீ பாத்தனீதானே?"

"ஓம், பாத்தனான்" என்றாள். "எண்டாலும் வாங்கோ."

அவள் ஒரு காலை மெதுவாகத் தூக்கினாள். அவனிடம் வரத்தான் தூக்கினாள். "வை! எடுத்த இடத்திலேயே வை!" என்று தம்பி கத்திய கத்தலில் அவள் விறைத்துப்போய் அப்படியே வைத்தாள். அவன் நாடாவுக்கு இந்தப் பக்கம் நிலத்தில் குந்தி, முகமூடியைக் கழற்றினான். சிவப்புத் துணியைக் கழற்றி எறிந்தான். காற்சட்டையைச் சுருட்டப் பார்த்தான். அது இறுக்கித் தைத்தது, மேலே ஏறவில்லை. மேளக்காரரிடம் பிளேட் வாங்கி, நீலத் துணியை முழங்கால் வரைக்கும் கிழித்து, பட்டியை அவிழ்த்து, காலைக் கழற்றித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தான்.

"இஞ்ச பார். நானும் உன்னை மாதிரித்தான் நடந்து போனனான். இது என்ர கால் இல்லை. நீ காலை எடுக்கவும் வேண்டாம், வைக்கவும் வேண்டாம். என்னைப் பாத்துக்கொண்டு நில்லு. ஆக்கள் வருவினம்."

ஊர் கூடிவிட்டது. யாரோ போய்ச் சொல்ல, தாய் வந்தாள். வந்தவள் நிற்கவில்லை, நாடாவை நோக்கி நேரே ஓடினாள். நான் இடுப்பில் கட்டிப்பிடித்தேன். மெலிந்த உடம்பு, ஆனால் அந்த நேரத்தில் எங்கிருந்து அவ்வளவு பலம் வந்தது என்று தெரியவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். மேளக்காரரும் வந்து பிடித்தார். அவள் என் முழங்கைக்குக் கீழே பல் பதியக் கடித்தாள். எல்லா ஊரிலும் தாயாக நடித்து அழுதவள் நான். ஒரு தாய் எப்படி இருப்பாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

தாயைக் கண்டதும் பிள்ளைக்கு அழுகை வந்துவிட்டது. "அம்மா! அம்மா, வாங்கோ!" என்று கத்தத் தொடங்கினாள். ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் என் பிடிக்குள் இருந்த உடம்பு துள்ளியது.

"அம்மாவைக் கூப்பிடாதை!" என்றான் தம்பி. அந்தக் குரலைக் கேட்டு ஊரே அடங்கிப்போனது. "அம்மாவைக் கூப்பிடக்கூடாது. என்னைக் கூப்பிடு. அண்ணா எண்டு கூப்பிடு. எத்தினை தரம் எண்டாலும் கூப்பிடு. அம்மாவைக் கூப்பிடாதை." என் பக்கம் திரும்பாமலே, "அக்கா, அவவை விட்டிடாதேங்கோ" என்றான்.

அவள் விக்கி விக்கி, "அண்ணா" என்றாள்.

"ஓம்" என்றான் அவன்.

கொஞ்சம் பொறுத்து மறுபடியும் "அண்ணா" என்றாள். "ஓம்" என்றான். அன்று பின்னேரம் முழுக்க அதுதான் நடந்தது. வெயில் அவன் முகத்துக்கு நேரே அடித்தது. அவன் நகரவில்லை. அவள் கூப்பிட்ட ஒவ்வொரு தரமும், முதல் தரம் கேட்டவன் போல, ஓம் என்றான். இடையிடையே ஆடுகளின் பெயரைக் கேட்டான், எந்த ஆடு குழப்படி என்று கேட்டான். ஆட்டுக்குட்டி தன்பாட்டில் புல்லுக்குள்ளால் நடந்து வெளியே வந்து, அவன் எறிந்த சிவப்புத் துணியைச் சப்பத் தொடங்கியது. அதைப் பார்த்து அவள் ஒருதரம் சிரித்தும்விட்டாள்.

வெடி அகற்றுகிறவர்கள் வந்தார்கள். பெண்கள். நீல அங்கி, தலையில் தொப்பி, முகத்துக்கு முன்னால் கண்ணாடி மறைப்பு. நாடாவுக்குக் கிட்ட முழந்தாளிட்டு, கருவியை நீட்டிப் பார்த்து, புல்லைக் கத்தரித்து, மண்ணைக் கம்பியால் சரிவாகக் குத்திப் பார்த்து, ஒரு சாண் முன்னுக்குப் போய், மறுபடியும் முதலிலிருந்து. வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகளுக்கு அலுத்துவிட்டது. அரைவாசிப் பேர் கிரிக்கெட் விளையாடப் போய்விட்டார்கள். அவர்களில் எனக்குக் கோபமில்லை. ஓர் உயிர் உண்மையாகவே காப்பாற்றப்படுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது அவ்வளவு சலிப்பான வேலை. அதைப் படமாக எடுத்தால் ஜெனரேற்றருக்கு மண்ணெண்ணெய் ஊற்ற ஒருவரும் முன்வர மாட்டார்கள்.

பாதி வழியில் ஒருத்தி கையைத் தூக்கினாள். எல்லோரும் நின்றார்கள். கம்பி மண்ணுக்குள் எதிலோ முட்டியிருந்தது. அதற்கு அடையாளம் வைத்து, பாதையை ஒரு பக்கமாக வளைத்தார்கள். தாய் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். கடிப்பதை நிறுத்தியிருந்தாள்.

வெயில் தாழ்ந்த பிறகுதான் முன்னுக்குப் போனவள் பிள்ளையை எட்டினாள். தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, வந்த வழியால் ஓர் அடி பிசகாமல் நடந்து வந்தாள். நாடாவைத் தாண்டி இறக்கிவிட்டு மறைப்பை உயர்த்தினாள். பஸ் நிறுத்தத்தில் தினம் பார்க்கிற மாதிரி ஒரு முகம், வியர்வையில் தோய்ந்திருந்தது. அவளுக்கு யாராவது தண்ணீர் கொடுங்கள் என்று நான்தான் சத்தம் போட்டேன்.

பிறகு அந்தத் தாய் எங்களை விடவில்லை. தேத்தண்ணி குடிக்காமல் போகக்கூடாது என்று கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வீட்டிலிருந்த ஒரே கதிரையைத் தம்பிக்குப் போட்டாள். அவன் பொய்க்காலை மாட்டியிருந்தான், கிழிந்த நீலத் துணி இரண்டு பக்கமும் தொங்கியது. பிள்ளை தாயின் மடியில் கிடந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாய் என் கையை எடுத்து, கடித்த இடத்துக்கு எண்ணெய் தடவினாள். "குறை நினைக்காதேங்கோ" என்றாள். இதற்குக் குறை நினைப்பதா என்றேன்.

எனக்குள் வேறொன்று குறுகுறுத்துக்கொண்டிருந்தது. சக்தி, உடுப்பு, முகமூடி என்று இணைப்பாளர் பலகையில் எழுதிய எல்லாவற்றையும் அன்றைக்குப் பின்னேரம் தம்பி கழற்றி எறிந்திருந்தான். மிஞ்சியது, போக ஆசைப்பட்ட ஓர் இடத்துக்குப் போகாமல் நின்ற ஒரு மனுஷன். அதுதான் ஹீரோ என்று எனக்குப் பட்டது. நான் அன்றைக்கே சொன்னதுதானே என்ற எண்ணமும் கூடவே வந்தது. வாயைக் கட்டி வைத்திருக்க எனக்கு எப்போதும் தெரியாது.

"பாத்தியே, தம்பி? நான் சொல்லச் சொல்லக் கேட்டியே? அந்தப் பிள்ளை உன்னை நம்பித்தான் உள்ளுக்குப் போனது. இனியாவது உந்தப் பறக்கிற விளையாட்டை விடு."

"ஓம், அக்கா" என்றான். வாதாடவில்லை. தேநீரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தான், குடிக்கவில்லை.

தாய்க்கு மனதில் ஒன்று கிடந்தது. கேட்பதா விடுவதா என்று யோசித்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். "தம்பி, நீங்கள் செய்ததுக்கு நான் காலம் முழுக்கக் கடமைப்பட்டிருக்கிறன். ஆனா ஏன் என்ர பிள்ளையிட்ட அம்மாவைக் கூப்பிடாதை எண்டனீங்கள்? பயந்த பிள்ளை வேற ஆரைக் கூப்பிடும்?"

அவன் தேநீரை நிலத்தில் வைத்தான். பிறகு, இரண்டு வசனத்துக்கு மேல் அவன் சொல்லி நான் கேட்டிராத அந்தக் கதையைச் சொன்னான்.

"விறகுக்கு நானும் அண்ணாவும்தான் போனனாங்கள். அவர் வரம்பில நிண்டவர், நல்ல நிலத்தில. வெடிச்ச உடன அவர் உள்ளுக்கு வரேல்லை. வரக்கூடாதெண்டு அவருக்குத் தெரியும். 'அசையாதை, ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறன்' எண்டுதான் சொன்னவர். நான்தான் கூப்பிட்டனான். 'என்னை விட்டிட்டுப் போகாதை, அண்ணா வா' எண்டு. அவர் ரெண்டு தரம் வெளிக்கிட்டிட்டு, ரெண்டு தரமும் திரும்பி நிண்டவர். நான் விடாமக் கூப்பிட்டனான்."

தாய் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைதான் தலையை நிமிர்த்திக் கேட்டாள்.

"அண்ணா வந்தவரோ?"

"ஓம்" என்றான். பிறகு என்னைப் பார்த்தான்.

"பறந்து வரேல்லை, அக்கா. ஓடித்தான் வந்தவர்."